பட்டாசு லாரியில் ஜி.பி.எஸ். பெட்டி: வானத்து சிக்னல் இலவசம்... தகவல் வந்து சேருவதுதான் சிக்கல்!

சிவகாசி:-

"பட்டாசு ஆலையில வெடிச்சிருச்சு சார்... சீக்கிரம் வண்டி அனுப்புங்க!"

இப்படி 108-க்கு ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்முனையில் கேட்கும் முதல் கேள்வியே 'எந்த இடம்?' என்பதுதான். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'ஊருக்கு மேற்கே ரெண்டு கிலோ மீட்டர், கண்மாயைத் தாண்டி இடது பக்கம் மண் ரோட்டுல உள்ள வரணும்' - இதுதான் விலாசம். தெருப்பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது. கூப்பிட்டவர் பதற்றத்தில் இருப்பார். ஆம்புலன்சு டிரைவர் வெளியூர்க்காரராக இருந்தால் எந்தக் கண்மாய் என்று விசாரிக்கவே நேரம் போய்விடும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. நாட்டின் பட்டாசு உற்பத்தியில் சுமார் 90 சதவீதம் இந்த கரிசல் காட்டில் இருந்துதான் போகிறது. 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்த பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் அடக்கம். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். தீக்காயத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

'இப்பத்தான் எல்லார் கையிலயும் ஜி.பி.எஸ். இருக்கே, இடத்தைக் கண்டுபிடிக்கறது பெரிய விஷயமா?' என்று கேட்கலாம். கேட்கிறார்கள். ஆனால் ஜி.பி.எஸ். செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதி வேறொரு இடத்தில் இருக்கிறது. அந்தப் பாதிக்குப் பெயர் 'ஸ்பெக்ட்ரம்'.

செயற்கைக்கோளுக்கு உங்களைத் தெரியாது!

மேலே இருக்கும் செயற்கைக்கோள் நம் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, படம் பிடித்து கம்பெனிக்கு அனுப்புகிறது என்றுதான் லாரி செட்டுகளில் பலரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று எதுவுமே தெரியாது.

இது அமெரிக்க ராணுவம் போட்ட ஏற்பாடு. சுமார் 20 ஆயிரத்து 200 கிலோ மீட்டர் உயரத்தில் 30 கோள்கள் வரை சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அணு கடிகாரம் இருக்கிறது. 'நான் இன்ன கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. கொடைக்கானல் எப்.எம். 100.5 மெகா ஹெர்ட்சில் பாடுகிறது அல்லவா? அதுபோல இவை 1575.42 மெகா ஹெர்ட்சில் மணி சொல்கின்றன. எப்.எம். நிலையத்துக்கு யார் யார் வீட்டில் ரேடியோ ஓடுகிறது என்று எப்படித் தெரியாதோ, அதேபோல கோளுக்கும் தெரியாது.

நம் போனில் இருக்கும் சின்ன சில்லுதான் இதைக் கேட்கிறது. கோள் சொன்ன மணிக்கும் தன் கைக்கு வந்து சேர்ந்த மணிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, அந்தக் கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. இப்படி 4 கோள்களின் கணக்கு கிடைத்தால் இடம் வந்துவிடும். ரேடியோ அலை ஒரு வினாடிக்கு 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். ஒரு வினாடியை 10 லட்சம் துண்டாக வெட்டி, அதில் ஒரு துண்டு பிசகினாலும் 300 மீட்டர் தள்ளிப் போய்விடும். அதனால்தான் அணு கடிகாரம்.

இதற்கு சிம் கார்டு வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், காசும் கிடையாது. 2000-ம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அப்போதைய அதிபர் கிளிண்டன் அதை நிறுத்தச் சொன்ன பிறகுதான் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டியது 10 மீட்டர் அளவுக்கு இறங்கியது. காரிலும் லாரியிலும் பெட்டி வைக்கும் தொழில் அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது.

ஒன்றை மறக்கக்கூடாது. அவ்வளவு உயரத்தில் இருந்து வருவதால் இந்த சிக்னல் ரொம்ப ரொம்ப மெலிசு. தகரக் கொட்டகைக்குள் கிடைக்காது, கான்கிரீட் கூரைக்கு அடியில் தடுமாறும். வெட்டவெளிக்கு வந்தால் நன்றாகக் கிடைக்கும்.

தென் மாவட்டங்களுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நெல்லைப் பக்கமாகப் போகிறது. இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு மேல் வானத்தின் மின் அடுக்கு கலங்கி, செயற்கைக்கோள் சிக்னல் சில நாட்களில் ஆட்டம் காட்டும். இதை ஆராய்வதற்கே நெல்லை கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பஸ்சுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு விஷயம்.

நம்ம நாட்டு 'நாவிக்'

இந்தியாவுக்கும் சொந்த ஏற்பாடு இருக்கிறது. பெயர் 'நாவிக்'. முதல் கோள் 2013-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து போனது. 2016 ஏப்ரலில் 7-வது கோளும் போய்ச் சேர்ந்தது. ஆனால் முதல் கோளிலேயே 3 அணு கடிகாரமும் நின்றுவிட்டது. பிறகு வேறு சிலவற்றிலும் இதே கதை. 2025 ஜனவரி 29-ந்தேதி ஸ்ரீஹரிகோட்டாவின் 100-வது ராக்கெட்டில் போன மாற்றுக் கோளும், வால்வு கோளாறால் சரியான பாதைக்குப் போக முடியவில்லை. அதனால் லாரிப் பெட்டிகள் நாவிக்கோடு ஜி.பி.எஸ்.சையும் சேர்த்துத்தான் கேட்கின்றன.

கேட்டாச்சு... சொல்வது எப்படி?

போனுக்கு இடம் தெரிந்துவிட்டது. லாரிப் பெட்டிக்கும் தெரிந்துவிட்டது. அதை 108-க்கோ, கம்பெனிக்கோ, கண்ட்ரோல் ரூமுக்கோ சொன்னால்தானே பிரயோஜனம்? சொல்வதற்கு ரேடியோ அலை வேண்டும். அதாவது செல்போன் டவர் வேண்டும். கேட்பது இலவசம், சொல்வதற்குத்தான் அனுமதியும் பணமும்.

ஸ்பெக்ட்ரம் என்றாலே தமிழ்நாட்டு டீக்கடைகளில் ஞாபகத்துக்கு வருவது 2ஜி வழக்குதான். 2010 நவம்பரில் மத்திய தணிக்கை அதிகாரி அறிக்கையில் ரூ.1 லட்சத்து 76 ஆயிரம் கோடி என்று ஒரு தொகை வந்தது. எத்தனை சைபர் என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்காதவர் இல்லை. 2012 பிப்ரவரி 2-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு 122 லைசென்சுகளை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21-ந்தேதி சிறப்பு கோர்ட்டு முன்னாள் மத்திய மந்திரி ஆ.ராசா, கனிமொழி உள்பட அனைவரையும் விடுதலை செய்தது. அதை எதிர்த்து சி.பி.ஐ. அப்பீலுக்குப் போனது.

இத்தனை களேபரத்துக்கும் நடுவில் ஸ்பெக்ட்ரம் என்றால் என்ன என்பது மட்டும் பலருக்குப் புரியாமலே போய்விட்டது. விஷயம் எளிது. ஒரே அலைவரிசையில் ஒரே இடத்தில் ரெண்டு பேர் பேசினால் ரெண்டு பேர் பேச்சும் கெடும். சந்தையில் ஒரே கடைக்கு ரெண்டு பேர் குத்தகை எடுத்த மாதிரி. அதனால் எந்த அலைவரிசை யாருக்கு என்று அரசாங்கம் பங்கு பிரிக்கிறது. போலீசுக்கு இவ்வளவு, விமானத்துக்கு இவ்வளவு, ரேடியோ நிலையத்துக்கு இவ்வளவு, செல்போன் கம்பெனிக்கு இவ்வளவு என்று கோடு போட்டு வைத்திருக்கிறது.

இந்த அலை யாருடைய சொத்து? 1995-ம் ஆண்டு பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு 'பொதுச் சொத்து' என்று சொல்லிவிட்டது. அது ஒரு கிரிக்கெட் வழக்கு! பெங்கால் கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும், மேட்ச்சை யார் டி.வி.யில் காட்டுவது என்று வந்த தகராறு. பொதுச் சொத்து என்பதால்தான் இன்றைக்கு ஏலம் விடுகிறார்கள். 2022-ல் நடந்த 5ஜி ஏலத்தில் அரசுக்கு ரூ.1 லட்சத்து 50 ஆயிரத்து 173 கோடிக்கு ஏலம் போனது.

ஆள் இல்லாத இடத்தில் ஆலை... ஆள் இருக்கும் இடத்தில் டவர்!

இங்கேதான் பட்டாசு பூமிக்கு வினை. வெடி ஆலை குடியிருப்பில் இருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பது சட்டம். அது நியாயமான சட்டம். ஆனால் காசு கொடுத்து அலைவரிசையை எடுத்த செல்போன் கம்பெனி, டவரை எங்கே நடும்? ஜனம் இருக்கும் இடத்தில்தான். ஒரு கணக்கு ஆளை விட்டு விலகு என்கிறது, இன்னொரு கணக்கு ஆள் இருக்கும் பக்கம் போ என்கிறது. ரெண்டுக்கும் நடுவில் காட்டுக்குள் இருக்கும் ஆலைகளில் பலவற்றுக்கு ஒரு கோடு, ரெண்டு கோடு சிக்னல்தான் மிச்சம்.

அலைவரிசையிலும் ஜாதகம் உண்டு. 700, 900 மெகா ஹெர்ட்ஸ் போன்ற கீழ் வரிசை அலைகள் ரொம்ப தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 5ஜி-க்காக விற்ற 3300 மெகா ஹெர்ட்சுக்கு மேற்பட்ட வரிசை வேகமாக இருக்கும், ஆனால் தூரம் போகாது. டவுனுக்குள் சினிமா பார்க்க அது நல்லது. காட்டுக்குள் இருந்து ஒரு 'இங்கே வாங்க' என்று சொல்ல கீழ் வரிசைதான் கை கொடுக்கும். ஏலம் எடுக்கும் கம்பெனி குறிப்பிட்ட காலத்துக்குள் கிராமப்புறத்துக்கும் சேவை கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. லாபம் வராத இடத்தில் டவர் போடுவதற்கென்றே 2002-ல் இருந்து ஒரு நிதியும் இருக்கிறது. இப்போது அதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர். கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் அதற்குப் போகிறது. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் 'கிராமம்' என்ற அளவில்தான் பார்க்கப்படுகிறது. ஊரில் சிக்னல் இருந்தால் கிராமம் 'கவர்' ஆகிவிடும். ஊருக்கு வெளியே ரெண்டு கிலோ மீட்டரில் இருக்கும் ஆலைக்கு எத்தனை கோடு என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டிய இடம் அதுதான்!

லாரிப் பெட்டிக்கு என்ன விதி?

மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2022-ல் கொண்டு வந்த விதிப்படி, ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரிகளில் இடம் காட்டும் கருவி கட்டாயம். புது மாடல் என்றால் 2022 செப்டம்பர் 1-ந்தேதிக்குப் பிறகும், ஏற்கனவே உள்ள மாடல் என்றால் 2023 ஜனவரி 1-ந்தேதிக்குப் பிறகும் தயாரான வண்டிகளுக்கு இது பொருந்தும். சரக்கோடு சேர்த்து மூன்றரை டன்னுக்கு மேல் எடை வரும் வண்டிகளுக்குத்தான் இந்த விதி.

இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். டெல்லிக்கும் பாட்னாவுக்கும் போகும் பெரிய லாரி இதில் வரும். ஆனால் ஆலையில் இருந்து குடோனுக்கும், குடோனில் இருந்து லாரி செட்டுக்கும் சரக்கு அடிப்பது யார்? பெரும்பாலும் 'குட்டி யானை' வண்டிதான். அது மூன்றரை டன் கணக்குக்குள் வராது. பழைய லாரிகளும் இந்தத் தேதிக் கணக்குக்குள் வராது.

பெட்டி தரமானதாக இருந்தால் அதில் பிரித்து எடுக்க முடியாத சிம் இருக்கும். வண்டி பேட்டரி அறுந்து போனாலும் 4 மணி நேரம் தாங்கும் சொந்த பேட்டரி இருக்கும். டவர் இல்லாத இடத்தில் போகும்போது இடத்தை எல்லாம் குறித்து வைத்துக்கொண்டு, டவர் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். திருட்டைக் கண்டுபிடிக்க இது போதும், விபத்துக்குப் போதாது. மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து அங்கே டவர் இல்லை என்றால், பெட்டிக்குத் தான் எங்கே கிடக்கிறோம் என்று நன்றாகத் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது.

சிகரெட் லைட்டரில் செருகும் வில்லங்கம்

முதலாளி கண்ணில் படாமல் இருக்க சில டிரைவர்கள் 'ஜாமர்' தேடுவது உலகம் பூராவும் நடக்கிறது. லைட்டர் ஓட்டையில் செருகினால் ஜி.பி.எஸ். செத்துவிடும். சிக்னல் மெலிசு என்று மேலே சொன்னோமே, அதனால் அதைக் கெடுக்க சின்னக் கருவியே போதும். அமெரிக்காவில் 2012-ம் ஆண்டு ஒரு டிரைவர் கம்பெனி வண்டியில் இப்படி ஒன்றைச் செருகிக்கொண்டு நெவார்க் விமான நிலையம் பக்கம் போனார். விமானம் தரை இறங்க உதவும் கருவியே குழம்பிவிட்டது! தேடிப் பிடித்தார்கள். மறு வருடம் அவருக்கு 31 ஆயிரத்து 875 டாலர் அபராதம் போட்டார்கள்.

இந்தியாவிலும் அனுமதி இல்லாமல் செல்போன் ஜாமர், ஜி.பி.எஸ். தடுப்பான் வைத்திருப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் அறிவிப்பே கொடுத்திருக்கிறது.

வாக்கி டாக்கி வாங்குகிறீர்களா?

சிக்னல் கிடைக்காத இடத்தில் வாக்கி டாக்கி நல்ல யோசனைதான். ஆலையின் கேட்டுக்கும் ஆபீசுக்கும் பேசவும், கோவில் திருவிழாக்களில் கமிட்டி ஆட்கள் பேசவும் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார்கள். ஆனால் விலை மலிவு என்று கண்டதை வாங்கினால் வம்பு. லைசென்சு இல்லாமல் பேச அனுமதி உள்ள வரிசை 446.0-ல் இருந்து 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரை மட்டும்தான். அதைத் தாண்டி பேசும் கருவிக்கு லைசென்சு வேண்டும். போலீசும் தீயணைப்பு நிலையமும் அவரவருக்கு ஒதுக்கிய வரிசையில் பேசிக்கொண்டிருக்கும்போது, திருவிழா கமிட்டி அதில் போய் 'அண்ணாச்சி, பந்தலுக்குத் தண்ணி வரல' என்று பேசினால் என்ன ஆகும்? விபத்து நாளில் அப்படி நடந்தால் விளையாட்டு இல்லை. இஷ்டத்துக்கு விற்ற ஆன்லைன் கடைகளுக்கு நோட்டீசு போய், 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறையே வெளியிட்டது. எந்த அலைவரிசை என்று போடாமல் விற்கக்கூடாது.

டோல்கேட்டில் இருப்பது செயற்கைக்கோள் இல்லை

சாத்தூர் பக்கம் எட்டூர்வட்டம் டோல்கேட்டில் பணம் கழிவது செயற்கைக்கோள் மூலம் என்று நினைப்பவர்களும் உண்டு. கிடையாது. கண்ணாடியில் ஒட்டும் 'பாஸ்டேக்' வெறும் ரேடியோ ஸ்டிக்கர். டோல்கேட்டில் இருக்கும் கருவி 865 மெகா ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு அலையை வீசும், ஸ்டிக்கர் அந்த அலையிலேயே சக்தி எடுத்து பதில் சொல்லும். பேட்டரி கிடையாது. இந்த வரிசையை 2005-லேயே அரசு லைசென்சு இல்லாமல் பயன்படுத்த விட்டுவிட்டது. செயற்கைக்கோள் வழி சுங்கம் 2025 மே 1-ந்தேதி முதல் வரப்போகிறது என்று ஒரு செய்தி சுற்றியபோது, அப்படி எந்த முடிவும் எடுக்கவில்லை என்று மத்திய அரசே மறுத்தது.

கேட்டில் ஒரு போர்டு போதும்

சரி, மறுபடியும் ஆலைக்கு வருவோம். வேலை நடக்கும் அறைக்குள் செல்போன் கொண்டு போகக்கூடாது. மருந்து இருக்கும் இடத்தில் போன், பேட்டரி எதுவும் வேண்டாம் என்பது ஒரு காரணம். வாணவேடிக்கைக்கு மின்சாரத்தில் பற்ற வைக்கும் திரி இருக்கும் இடத்தில் ரேடியோ அலையையே தள்ளி வைக்கச் சொல்கிறார்கள் என்பது இன்னொன்று. ஆக, விபத்து நேரத்தில் போன் பேசப்போவது கேட்டில் இருப்பவரோ, ஆபீஸ் கணக்குப்பிள்ளையோ, பக்கத்துக் காட்டில் ஆடு மேய்ப்பவரோதான். அவர் கையில் இருப்பது பட்டன் போனாகவும் இருக்கலாம். அந்த மாதிரி போனை டவரை வைத்துத் தேடினால் கிலோ மீட்டர் கணக்கில்தான் இடம் தெரியும்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே ஒரு நாள் நல்ல போனை எடுத்து, கேட்டுக்கு வெளியே வெட்டவெளியில் நின்று, மேப்பில் ஆலை இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் ரெண்டு எண் வரும். அதை கேட்டில் பெரிய எழுத்தில் போர்டாக எழுதி வைக்கலாம். போன் அருகில் ஒரு சீட்டிலும் ஒட்டலாம். டேட்டா வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டாம். ஒரு கோடு சிக்னலில் சாதாரண போனில் பேசினாலே எண்ணைச் சொல்லிவிடலாம். எஸ்.எம்.எஸ். போட்டாலும் போகும். ஆம்புலன்சு டிரைவர் திரும்பக் கூப்பிடும்போது இதைச் சொன்னால், மேப்பில் போட்டதும் வழி வந்துவிடும்.

எண்ணை முழுசாக எழுத வேண்டும். சிவகாசிக்கு 9.45, 77.80 என்று வரும். புள்ளிக்குப் பிறகு ரெண்டு எண் மட்டும் சொன்னால் ஒரு கிலோ மீட்டர் வரை தள்ளிப் போகலாம், அதில் நாலு ஆலை இருக்கும். மூன்று எண் சொன்னால் சுமார் 100 மீட்டர். நாலு எண் சொன்னால் 10 மீட்டர், அதாவது கேட்டுக்கே வந்துவிடலாம். இந்த மாவட்டத்தில் 9-ல் ஆரம்பிப்பது முதலில், 77 அல்லது 78-ல் ஆரம்பிப்பது அடுத்தது. மாற்றிச் சொன்னால் வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடலைக் காட்டும்!